இடப்பக்கம் சாய்ந்த கோடுகள்

ஸ்டாக்ஹோம்
18 ஜனவரி 1971

அன்புள்ள லெய்டா அக்காவுக்கு,

வைகே எழுதுகிறேன். உன் முழங்கால் இந்தக் குளிரில் எப்படி இருக்கிறது? இங்கே எனக்கும் என் வீட்டுக்காரர் ஸ்தூரேவுக்கும் மாறி மாறிச் சளி, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய காபிப் பொட்டலம் முழுசாக வந்ததா, வழியில் யாராவது ருசி பார்த்துவிட்டார்களா? உன் போன கடிதத்தின் உறையை நீ ஒட்டியதாகத் தெரியவில்லை. இவ்வளவு அழகாக ஒட்ட உனக்கு வராது. நம்மைத் தவிர இன்னொருவரும் நம் கடிதங்களைப் படிக்கிறார் போலிருக்கிறது. அவருக்கும் புத்தாண்டு வணக்கம்.

இனி விஷயம். உட்கார்ந்துகொண்டு படி. நான் டாலினுக்கு வருகிறேன்!

ஹெல்சின்கியிலிருந்து கப்பலில் வார இறுதிச் சுற்றுலா. ஜூன் முதல் வாரம், வெள்ளி சாயங்காலம் இறங்கினால் ஞாயிறு மதியம் மறுபடி கப்பல். பழைய நகரம், மதில், கோபுரம், தேவாலயம் எல்லாம் காட்டுவார்களாம். எனக்கு எதற்கு கோபுரம்? எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். சண்டை நடந்த வருடம், பதினேழு வயதில், சித்தியோடு ஸ்வீடனுக்குப் படகேறினேன். இன்று கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அம்மா போனபோதும் வர முடியவில்லை, தந்தி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. இனியும் தள்ளிப்போட்டால் நாம் ஒருவரையொருவர் அடையாளம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

நீ லெபஸ்தேயிலிருந்து பஸ் ஏறி டாலின் வந்துவிடு. அது போதும். மாடுகள் இரண்டு நாள் உன்னைப் பார்க்காவிட்டால் செத்துப்போய்விடாது.

உன் தங்கை
வைகே


லெபஸ்தே
20 பிப்ரவரி 1971

அன்புத் தங்கச்சி வைகேவுக்கு,

நான் சுகம், மாடுகளும் சுகம், முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி இருக்கிறது. காபி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறேன், பக்கத்து வீட்டு எல்மார் வாசனை பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்று வானிலை பேசுகிறான். உறையைப் பற்றியெல்லாம் விளையாட்டாக எழுதாதே. உனக்கு அங்கே வாய் நீளம், எனக்கு இங்கே காது நீளம் வேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன், நல்லவேளை. அழுதேன், சிரித்தேன், அப்புறம் கறக்கப் போய் மாசிக்கின் காதில் சொன்னேன். அது தலையை ஆட்டியது.

ஆனால் ஜூன் முதல் வாரத்தில் எங்கள் கூட்டுப்பண்ணையில் பால் போட்டி. மேலிடத்திலிருந்து அளக்க ஆட்கள் வருவார்கள். தலைவரிடம் லீவு கேட்டேன். "தங்கச்சியா? வெளிநாட்டுத் தங்கச்சியா? அப்ப ரெண்டு தடவை யோசிக்கணும்"னு சொல்லிவிட்டார். யோசிக்கட்டும். மறுபடி கேட்பேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ இந்தப் பக்கம் வர நினைத்துவிடாதே. வெளிநாட்டுக்காரர்கள் டாலினைத் தாண்டக் கூடாது. பிடித்தால் உனக்கு ஒரு திட்டு, எனக்குத்தான் மிச்சம் எல்லாம்.

அம்மாவின் கல்லறை மேட்டுக்குப் போன வாரம் போனேன். பனி மூடிக் கிடக்கிறது. பனி கரைந்ததும் புது மணல் போட்டுக் கீற வேண்டும். அப்பா மேட்டை நீ கீறினது ஞாபகம் இருக்கிறதா? இடக்கையால் பல் வைத்த மரவாரியைப் பிடித்து இழுப்பாய், கோடு எல்லாம் ஒருபக்கமாய்ச் சாயும். "ஊர்ல எல்லா மேடும் ஒழுங்கா இருக்கு, நம்ம மேடு மட்டும் காத்தடிச்ச வயல் மாதிரி"ன்னு அம்மா கத்துவாளே. அதோடு நீ கீறிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வரும்போது கடைசியில் எப்போதும் ஒரு கால்தடத்தை அழிக்க மறந்துவிடுவாய். தடம் விட்டால் செத்தவர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்று சொல்லி உன்னைத் திரும்ப அனுப்புவாள்.

ஸ்தூரேவுக்கு என் அன்பு.

அக்கா
லெய்டா


ஸ்டாக்ஹோம்
22 மார்ச் 1971

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறாய் என்று படித்து நிம்மதி. எனக்குச் சளி போய்விட்டது, பதிலுக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் நீ ஓட்டல் வாசலில் நிற்கிறாய். எந்த முகத்தோடு நிற்கிறாய் என்றுதான் தெரியவில்லை. பழைய முகம்தான் வருகிறது.

பணம் கட்டிவிட்டேன். எங்களோடு ஒரு வழிகாட்டி எப்போதும் இருப்பார், தனியாக அலையக் கூடாதாம். உறவினர்கள் ஓட்டல் வாசலில் வந்து பார்க்கலாமாம். அறையில் என்னோடு தங்கப்போவது ஐலா என்று ஒரு ஃபின்லாந்துக்காரி. இந்தச் சுற்றுலாவுக்கு அடிக்கடி போகிறவளாம்.

தலைவரிடம் மறுபடி கேட்டாயா? அவருக்கு மனைவி உண்டா? அவளிடம் கேள். நைலான் மேலங்கி ஒன்று வேண்டுமா என்று கேள், அளவையும் கேள்.

வைகே


லெபஸ்தே
25 ஏப்ரல் 1971

அன்பு வைகே,

இங்கே பனி போய்விட்டது, நாரைகள் வந்துவிட்டன, நான் கல் மாதிரி இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

லீவு இல்லை. மூன்று தடவை கேட்டுவிட்டேன். மூன்றாவது தடவை தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார், அப்போதே தெரிந்துவிட்டது. "லெய்டா, போட்டி வாரத்துல உன் கை இல்லாம மாடு பால் விடாது. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். மேலங்கி பேச்சை நான் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் அதற்கும் சேர்த்து யோசித்திருப்பார்.

ஆகவே நான் வரமாட்டேன். நீ எனக்காகப் பயணத்தை நிறுத்தாதே. கட்டிய பணம் போனால் திரும்பாது. ஊரைப் பார். எனக்கும் சேர்த்துப் பார். நான் டாலினைச் சரியாகப் பார்த்ததே இல்லை, தெரியுமா? பல் பிடுங்கப் போனது ஒரு தடவை, கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போனது ஒரு தடவை.

மனசைத் தேற்றிக்கொள். நானும் தேற்றிக்கொள்கிறேன்.

லெய்டா


ஸ்டாக்ஹோம்
12 மே 1971

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. சரி. நடக்காதது நடக்காது. ஊரையாவது பார்க்கிறேன். குழுவோடு போய், குழுவோடு சாப்பிட்டு, குழுவோடு திரும்புகிறேன். நீ ஒன்றும் கவலைப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள், முழங்காலில் சூடான தவிட்டு மூட்டை வைத்துக் கட்டு.

சும்மா ஒரு ஞாபகம். வீட்டுச் சாவி இன்னும் குளியல் குடிசையின் படிக்குக் கீழேதான் வைக்கிறீர்களா? லைலாக் செடி இன்னும் இருக்கிறதா?

வைகே


லெபஸ்தே
7 ஜூன் 1971

வைகே,

நீ நலமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நான் நலமா என்று கேட்காதே.

நான் டாலினுக்கு வந்தேன். இது உனக்குத் தெரியும். தெரிந்துதானே படுத்துக்கொண்டாய்.

எப்படி வந்தேன் என்று சொல்கிறேன். வியாழக்கிழமை சால்மே, என்னோடு கறப்பவள், "நீ போடி. ரெண்டு பேர் வேலையையும் நான் பார்த்துக்கறேன். தலைவர் கேட்டா உனக்கு வயித்துப்போக்குன்னு சொல்றேன்" என்றாள். எழுத நேரமில்லை. அதுவும் நல்லதுதான், திடீரென்று முன்னால் போய் நிற்கலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ரொட்டி சுட்டேன், அம்மா செய்கிற மாதிரி சீரகம் போட்ட கறுப்பு ரொட்டி. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன். கூடை மடியில், ரொட்டி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

ஓட்டல் வாசலில் காவலாளி. "உள்ளூர் ஆளுங்க உள்ள வரக்கூடாதும்மா. குழு ஊர் பார்க்கப் போயாச்சு." சரி, எங்கே போயிருப்பீர்கள், பழைய நகரம்தானே என்று பின்னாலேயே ஓடினேன். இந்த முழங்காலோடு. சதுக்கத்தில் ஒரு கூட்டம், ஜெர்மன்காரர்கள். மருந்துக்கடை வாசலில் ஒரு கூட்டம், அவர்கள் ரிகாவிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள். நெட்டைக்கால் தெருவில் ஏறினேன், குட்டைக்கால் தெருவில் இறங்கினேன். இந்த ஊருக்கு ஒரு கால் நெட்டை ஒரு கால் குட்டை, அதனால் நொண்டுகிறது என்பார்கள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நொண்டினோம். அடுப்படி எட்டிப்பார்க்கும் கோபுரம் என்கிறார்களே, அதுவரை போனேன், அங்கே பழுதுபார்க்கிறோம் என்று எழுதிப் பூட்டிவைத்திருந்தார்கள். நகர மன்றத்து உச்சியில் பழைய தோமஸ், அந்தத் தகரக் காவலன், வாளை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உன் புண்ணியத்தில் ஊரை நன்றாகவே சுற்றிப் பார்த்துவிட்டேன்.

கடைசியில் கப்பல் சின்னம் குத்திய கோட்டுகளைக் கண்டுபிடித்தேன். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பருமனான ஃபின்காரியிடம் கேட்டேன். அவள் மொழி நமக்குப் பாதி புரியும் அல்லவா.

"வைகேன்னு ஒருத்தங்க உங்க கூட வந்தாங்களே?"

மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாரு?"

"அவளோட அக்கா."

"அக்காவா? எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு வருவாங்க. அந்தம்மாவுக்குத் தலைவலி. ரூம்ல படுத்திருக்காங்க. யாரையும் பார்க்க மாட்டாங்க."

"லெய்டா வந்திருக்கான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

"லெய்டாவா இருந்தாலும் சரி, தோமஸா இருந்தாலும் சரி. போங்கம்மா, வேலையைப் பாருங்க."

ஓட்டலுக்கு எதிரில் பெஞ்சு ஒன்று இருக்கிறது. பஸ் நேரம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது மாடியில் ஒரு திரைச்சீலை அசைந்தது. நீதான் என்று நினைத்துக் கை ஆட்டினேன். எழுந்து நின்றுகூட ஆட்டினேன். திரை மறுபடி அசையவில்லை.

நான் கறவைக்காரி. கோட்டில் மாட்டு வாடை இருக்கும், கையும் அப்படித்தான். ஸ்வீடன்காரியின் அக்கா இப்படி வந்து நின்றால் வெட்கமாகத்தான் இருக்கும். அதை முதலிலேயே எழுதியிருக்கலாம், பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்.

வீட்டுக்கு வந்தால் இங்கேயும் எரிச்சல். எல்மார் நம் கிணற்றில் தண்ணீர் எடுத்துவிட்டு வாளியைக் கொண்டுபோய் இடப்பக்கம் கவிழ்த்து வைத்திருக்கிறான். கேட்டால் "நான் உன் கிணத்துப் பக்கமே வரலியே" என்று சாதிக்கிறான். ரொட்டியை மாசிக்குக்குப் போட்டேன்.

லெய்டா


ஸ்டாக்ஹோம்
9 ஜூன் 1971

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக ஊர் வந்து சேர்ந்தேன். கடல் அமைதியாக இருந்தது. நீயும் உன் மாடுகளும் நலமாக இருக்க வேண்டும்.

டாலின் மிகவும் அழகான நகரம். சனிக்கிழமை முழுவதும் குழுவோடு சேர்ந்து சுற்றினேன். குழுவை விட்டு எங்கும் போகவில்லை. நகர மன்றம், பழைய மருந்துக்கடை, பெரிய தேவாலயங்கள் எல்லாம் பார்த்தோம். அடுப்படி எட்டிப்பார்க்கும் கோபுரத்தின் மேலேறி, கீழே வீடுகளின் புகைபோக்கிகளைப் பார்த்தேன். சாப்பாடும் நன்றாக இருந்தது. வழிகாட்டி மிகவும் அன்பானவர்.

நீ வர முடியவில்லை என்பதுதான் குறை. உனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே? யாரும் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லையே?

உன் தங்கை
வைகே


லெபஸ்தே
30 ஜூன் 1971

வைகே,

உன் கடிதம் கிடைத்தது. நான் வந்ததே தெரியாத மாதிரி எழுதியிருக்கிறாய்.

நீ மேலேறிப் பார்த்ததாக எழுதிய கோபுரம் அன்றைக்குப் பூட்டியிருந்தது. பூட்டில் கையை வைத்துப் பார்த்தவள் நான். தலைவலி என்று உன் சிநேகிதி சொன்னாள், ஊர் சுற்றினேன் என்று நீ சொல்கிறாய். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டாவது பொய் சொல்லியிருக்கலாம்.

இனி காபி அனுப்பாதே. கடிதமும் வேண்டாம். வைக்கோல் வேலை நிறைய இருக்கிறது, படிக்க நேரமில்லை.

லெய்டா


லெபஸ்தே
5 ஜூலை 1971

என் கண்ணு வைகே,

போன கடிதத்தைக் கிழித்துவிடு. அதற்கு முந்தியதையும் கிழித்துவிடு. இன்னும் கைக்கு வரவில்லை என்றால், வந்ததும் பிரிக்காமல் அடுப்பில் போடு. காலையில் தபாலாபீஸுக்கு ஓடினேன், என் கடிதத்தைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். "அது எப்பவோ போயிடுச்சே" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

நேற்று கல்லறை நாள். ஜூன் முழுவதும் நான் அம்மாவிடம் போகவில்லை. உன் மேல் இருந்த கோபத்தை அவளிடம் கொண்டுபோக வேண்டாம் என்று இருந்தேன். ஜூன் முழுவதும் ஒரு சொட்டு மழையும் இல்லை. நேற்று மரவாரியோடு போய் நின்றால், மேடு கீறியிருந்தது. மேலே ஃபர் மரத்து ஊசிகள் உதிர்ந்து கிடந்தன, ஊதிப் பார்த்தேன். கோடுகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. காற்றடித்த வயல் மாதிரி.

ஓரத்தில், வெளியே வருகிற இடத்தில், ஒரு கால்தடம். குதிகால் குறுகலான செருப்பு. அப்படி ஒன்று பக்கத்து டவுன் ராப்லா கடையில் விற்பதில்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார், ஊரே நின்றுகொண்டிருந்தது, நான் மண்ணில் உட்கார்ந்து தேம்பினேன். சால்மே வந்து தூக்கினாள். "முழங்காலா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கிணற்று வாளி. சாவி எங்கே என்று நீ கேட்டது. எல்லாம் இப்போதுதான் புத்தியில் ஏறுகிறது. எல்மாரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை, காபி இருக்கிறதா என்று கேட்டான்.

இதற்கு மேல் எழுத மாட்டேன். நீயும் எழுதாதே. உடம்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுது. என்னை மன்னித்தேன் என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை, ஏதாவது எழுது.

அக்கா


ஸ்டாக்ஹோம்
28 ஜூலை 1971

என் லெய்டா அக்கா,

இந்த உறையில் டாலின் தபால் முத்திரை இருக்கும். ஐலா மறுபடி அங்கே போகிறாள், காலுறைக்குள் வைத்துக் கொண்டுபோய் ஊருக்குள்ளேயே பெட்டியில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள்தான் அந்தச் சிவப்புத் தொப்பிக்காரி. உன்னை விரட்டியதற்கு இந்த வேலையாவது செய்கிறேன் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆகவே இந்த ஒரு தடவை மனம்விட்டு எழுதுகிறேன். படித்ததும் எரித்துவிடு.

நீ வரமாட்டாய் என்று எழுதியதும் நான் முடிவு செய்துவிட்டேன். நீ வர முடியாவிட்டால் நான் வருகிறேன். எழுதினால் படிக்கிறவர் படித்துவிடுவார், நீயும் "வராதே" என்பாய். அதனால் குழு, குழு என்று கிளிப்பிள்ளை மாதிரி எழுதினேன். சனிக்கிழமை காலை தலைவலி என்று வழிகாட்டியிடம் சொன்னேன். ஐலாவிடம், "யார் வந்து கேட்டாலும் நான் படுத்திருக்கேன், யாரையும் பார்க்க மாட்டேன்னு சொல்லு. அக்கான்னு சொல்லிட்டு வந்தாலும் நம்பாதே, என் அக்கா ஊர்ல மாடு கறந்துக்கிட்டு இருக்கா" என்றேன். என் வாயால்தான் சொன்னேன், அக்கா. உன்னை விரட்டச் சொன்னவள் நான்தான்.

சித்தியின் பழைய தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். பாதி வழியில் எதிரே ஒரு பஸ் வந்தது. பாலம் குறுகல், எங்கள் பஸ் ஒதுங்கி நின்று அதற்கு வழிவிட்டது. ஜன்னல் ஓரத்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கையெட்டும் தூரம்தான். யாரோ வயசான அம்மா, சந்தைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். உன் பழைய முகத்தையே தேடிக்கொண்டு வந்தவளுக்கு உன் முகம் தெரியவில்லை.

வீடு பூட்டியிருந்தது. படிக்குக் கீழே கையை விட்டேன், சாவி இல்லை. மாட்டுக் கொட்டகைக்கு வரத் தைரியம் இல்லை, அங்கே மேலிடத்து ஆட்கள் இருப்பார்கள் என்று நீதான் எழுதியிருந்தாய். மதியம் கறந்துவிட்டு வீட்டுக்கு வருவாய் என்று குளியல் குடிசையின் படியில் உட்கார்ந்திருந்தேன். லைலாக் பூத்திருந்தது. எல்மார் வேலிக்கு அப்பால் இருமும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டேன். தாகத்துக்குத் தண்ணீர் இறைத்துக் குடித்தேன். கொண்டுவந்த எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை, பிறகு யாராவது உன்னைக் கேள்வி கேட்பார்களே. நீ வரவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் அம்மாவையாவது பார்த்துவிடலாம் என்று போனேன். மரவாரி அதே வேலிச் சந்தில்தான் இருந்தது. கீறினேன். பஸ் சத்தம் கேட்டது, கடைசித் தடத்தை அழிக்காமல் ஓடினேன். அம்மா திரும்பக் கூப்பிடவில்லை.

அறைக்கு வந்ததும் ஐலா பெருமையாகச் சொன்னாள். "ஒருத்தி வந்தா. கூடையெல்லாம் வச்சுக்கிட்டு, அச்சு அசல் கிராமத்துக்காரி மாதிரியே வேஷம் போட்டு அனுப்பியிருக்காங்க. நல்லா விரட்டிட்டேன்." கூடையில் என்ன என்று கேட்டேன். "ரொட்டி வாசனை. சீரக வாசனை" என்றாள்.

ஜன்னலுக்கு ஓடினேன். பெஞ்சு காலியாக இருந்தது.

மறுநாள் வழிகாட்டி என்னைத் தனியாக உட்கார வைத்துச் சனிக்கிழமை எங்கே போனேன் என்று கேட்டார். அதனால்தான் அந்தக் கோபுரக் கதை. உனக்காக எழுதவில்லை அதை, நடுவில் படிப்பவருக்காக எழுதினேன். அந்தக் கோபுரம் பூட்டியிருக்கும் என்று யார் கண்டார்கள்?

ஊர் பார்க்க வந்தவள் நான். ஊரைப் பார்த்தவள் நீ. உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்கு டாலின் எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

அடுத்த ஜூனில் மறுபடி வருகிறேன். அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திரு. நான் எங்கும் நகரமாட்டேன். அம்மா மேல் ஆணை.

உன் வைகே


லெபஸ்தே
29 ஆகஸ்ட் 1971

அன்புத் தங்கச்சிக்கு,

நான் மிகவும் நலம். சேர வேண்டியது வந்து சேர்ந்தது. அடுப்பும் நன்றாக எரிகிறது.

அந்தப் பாலத்தில் எங்கள் டிரைவர் ஹாரன் அடித்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. எதிர் பஸ்ஸில் யார் இருந்தார்கள் என்று நான் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, ரொட்டி நசுங்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். படுத்தால் அந்தப் பாலம்தான் வருகிறது.

இங்கே ஒரு வேடிக்கை. அம்மாவின் மேட்டு ஓரத்தில் ஒரு தடம் இருந்ததே, அதை நான் அழிக்கவில்லை. மழை தொடங்கியதும் பழைய பால் பேசினைக் கொண்டுபோய் அதன் மேல் கவிழ்த்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்லையும் வைத்துவிட்டேன். ஊரில் சிரிக்கிறார்கள். "லெய்டா அங்க காளான் வளர்க்கிறாளா?" என்று எல்மார் கேட்கிறான். கேட்கட்டும்.

அடுத்த ஜூன் பெஞ்சில் உட்கார லீவுக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். போட்டியில் இரண்டாமிடம் வந்தோம், தலைவர் இப்போது சிரித்துப் பேசுகிறார். சீரகம் வாங்கி வைத்திருக்கிறேன்.

காபி அனுப்பு.

அக்கா
லெய்டா


ஸ்டாக்ஹோம்
20 அக்டோபர் 1971

அன்புள்ள அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். ஸ்தூரே நலம். நானும் இருக்கிறேன்.

பயண அலுவலகத்தில் அடுத்த ஜூனுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். அனுமதி இல்லை என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டேன். அந்தப் பெண் மேசையைப் பார்த்துக்கொண்டே, "உங்க பேருக்கு இனிமே வராதுங்க. எத்தனை தடவை எழுதினாலும் வராது. நான் சொன்னதா வெளிய சொல்லாதீங்க" என்றாள்.

ஐலாவுக்குக் கிடைத்திருக்கிறது. அவள் வந்தால் பெஞ்சில் உன்னோடு கொஞ்ச நேரம் உட்காரட்டுமா என்று கேட்கிறாள்.

காபி அனுப்பியிருக்கிறேன்.

வைகே


லெபஸ்தே
28 நவம்பர் 1971

என் தங்கச்சி,

காபி வந்தது. உடம்பு சுகம். உனக்கு நாற்பத்தைந்து வயதாகிவிட்டது இந்த மாதம், பிறந்த நாளன்று காலையில் இரண்டு கோப்பை ஊற்றினேன். உன்னுடையதை எல்மார் குடித்தான்.

ஐலா வரட்டும். ரொட்டி சுட்டுக் கொண்டுபோகிறேன், அவள் கையில் உனக்குக் கொடுத்தனுப்புகிறேன். சாதாரணமாகத்தான் பேசுவேன், திட்டமாட்டேன் என்று சொல்லு.

நேற்று அம்மாவிடம் போனேன். நிலம் கல்லாக உறைந்துவிட்டது, கீற முடியாது. பேசினைத் தூக்கிப் பார்த்தேன். தடம் அப்படியே இருக்கிறது, குதிகாலின் விளிம்புகூட உதிரவில்லை. அதன் பக்கத்தில் என் காலை வைத்தேன். பூட்ஸைக் கழற்றிவிட்டுக்கூட வைத்து, உடம்பு கனத்தையெல்லாம் அந்தக் காலில் போட்டு அழுத்தினேன். பதியவில்லை.

ஏப்ரலில் மண் இளகும், அப்போது என் கால் பதியும். ஆனால் உன்னுடையது அப்போது இருக்காது.

பேசினை மறுபடி கவிழ்த்துவிட்டு வந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அக்கா
லெய்டா